ஐயத்தின் கண்: பதற்றப் பழக்கங்களும் நம்பிக்கையின்மையும் காதலுறவைக் குலைக்கும் முறை (திருப்பாச்சூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. முன்னுரை

1.1 களம்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் திருவள்ளூரைத் தாண்டியதும் வருவது திருப்பாச்சூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்று. இறைவன் பெயர் வாசீஸ்வரர்; இறைவி பெயர் தங்காதலி. இறைவனே தேவியைத் தன் காதலி என்று அழைத்ததாகத் தலபுராணம் கூறுகிறது. காதலியின் பெயராலேயே அம்மனைத் தொழும் இவ்வூரின் சாலையில் இன்று விடியுமுன்னும் நள்ளிரவை ஒட்டியும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அருகே காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை; தெற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகள்; வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வயல்வேலையை விட்டு ஷிப்டு வேலைக்கு வந்துவிட்ட இளைஞர்களும் இளம்பெண்களும் காதலிப்பதும், பிணங்குவதும், பிரிவதும் இந்தக் கால அட்டவணைக்குள்தான் நடக்கின்றன.

1.2 ஆய்வுச் சிக்கல்

ஒருவர் நகம் கடிக்கிறார். கேள்வி கேட்டால் தொண்டையைக் கனைக்கிறார். பேசும்போது கண்ணைத் தாழ்த்துகிறார். அதைப் பார்க்கும் துணைவர், 'இவர் எதையோ மறைக்கிறார்' என்று முடிவு கட்டுகிறார். அந்த முடிவிலிருந்து கேள்வியும், கேள்வியிலிருந்து அச்சமும், அச்சத்திலிருந்து மேலும் நகம் கடித்தலும் பிறக்கின்றன. இச்சுழற்சி எங்கே தொடங்குகிறது, எங்கே அதை அறுக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1.3 கருதுகோளும் எல்லையும்

பதற்றப் பழக்கம் தன்னளவில் எந்த உறவையும் முறிப்பதில்லை. அதைக் குற்றத்துக்குச் சான்றாகப் படிக்கும் ஐயமே முறிக்கிறது. இதுவே இங்கு நிறுவ முயலும் கருத்து. சான்றுகள் மூவகை: தமிழ் அக இலக்கண, இலக்கிய மரபு, தற்கால உளவியல் ஆய்வுகள், திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதியின் வாழ்க்கை முறை. ஐந்தாம் பகுதியில் வரும் உரையாடல் எந்தத் தனிமனிதருடையதும் அன்று. இவ்வகைப் பூசல்களின் பொதுப்போக்கைக் காட்டப் புனைந்தது.

2. பதற்றப் பழக்கம்: வரையறையும் வகையும்

2.1 வரையறை

மனத்தில் ஏறும் இறுக்கத்தை உடல் தன்னை அறியாமலே வெளிவிடும் சிறு செயல்கள் பதற்றப் பழக்கங்கள். செய்பவருக்குப் பெரும்பாலும் தாம் செய்வது தெரியாது. பிறர் சொன்ன பிறகே கை வாயிலிருந்து இறங்கும்.

2.2 வகை

இவற்றை நான்காகப் பகுக்கலாம்.

அ) உடலைத் தீண்டுபவை: நகம் கடித்தல், முடியைப் பிடுங்குதல், உதட்டுத் தோலை உரித்தல், பருவைக் கிள்ளுதல். முடி பிடுங்குதலும் தோல் கிள்ளுதலும் கட்டுமீறும்போது நோய்நிலையே என்று கொண்டு, அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) நெருங்கிய வகையில் அவற்றை வைத்தது.

ஆ) அசைவுகள்: காலாட்டுதல், நெட்டி முறித்தல், துப்பட்டா நுனியைச் சுருட்டுதல், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுதல்.

இ) பேச்சிலும் குரலிலும் தோன்றுபவை: தொண்டை கனைத்தல், சொன்னதையே சொல்லுதல், அச்சத்தில் வரும் சிரிப்பு.

ஈ) துணைவரை நோக்கியவை: "கோபமா? நிஜமாவே கோபம் இல்லையே?" என்று ஓயாமல் உறுதி கேட்டல், பதில் வந்ததா என்று நொடிக்கொரு தரம் போனைத் திறந்து பார்த்தல்.

முதல் மூன்று வகைகள் உடலோடு நின்றுவிடுகின்றன. நான்காம் வகை மற்றவரையும் உள்ளே இழுக்கிறது. மனச்சோர்வுற்றவர் திரும்பத் திரும்ப உறுதி கேட்பதும், அருகிலிருப்பவர் முதலில் ஆறுதல் சொல்லிப் பின் சலித்து விலகுவதும், அவ்விலகலே மேலும் சோர்வைத் தருவதும் ஒரு சுழற்சி என்று உளவியலாளர் ஜேம்ஸ் காய்ன் 1976இல் விளக்கினார். காதலர் பூசல்கள் பலவற்றின் உள்கட்டமைப்பும் இதுவே.

2.3 ஒரு குறி, பல காரணம்

காலாட்டுதல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தூக்கக் குறைவு, இரவுப் பணியில் அடுத்தடுத்துக் குடித்த டீ, சிறுவயதுப் பழக்கம், வீட்டுக் கடன் பற்றிய கவலை, எதிரில் இருப்பவர் மேல் உள்ள அச்சம், உண்மையிலேயே மறைக்கும் ஒரு செய்தி என எதுவும் அதற்குப் பின்னால் இருக்கலாம். வெளியே தெரியும் அசைவு ஒன்றுதான். உள்ளிருக்கும் காரணத்தை அந்த அசைவைக் கொண்டு தேர்ந்துவிட முடியாது. இது இக்கட்டுரையின் அடிப்படை உண்மை.

3. குறிப்பறிதல்: தமிழ் மரபு காட்டும் மூன்று நிலைகள்

3.1 தொல்காப்பியம்: அசைவு அன்பின் குறி

உடலின் சிற்றசைவுகளைக் காதலோடு சேர்த்து முறையாகப் பட்டியலிட்ட பழைய நூல்களுள் தொல்காப்பியம் குறிப்பிடத்தக்கது. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னபின், மெய்ப்பாட்டியல் காதல் அரும்பும்போது தலைவியிடம் தோன்றும் குறிகளை ஒவ்வொரு நிலைக்கும் நான்காக வகுக்கிறது. நெற்றி வியர்த்தல், வந்த சிரிப்பை மறைத்தல் ஆகியன முதல் நிலையில் வருகின்றன. கூந்தலை அவிழ்த்து விரித்தல், காதணி ஒன்றைக் கழற்றுதல், அணிகளை வரிசையாகத் தடவிப் பார்த்தல், ஆடையைத் தளர்த்தி மீண்டும் உடுத்தல் என்பன அடுத்த நிலை. இன்று நாம் 'டென்ஷன்' என்று சொல்லும் அசைவுகளே இவை. இலக்கண ஆசிரியர் இவற்றை வஞ்சகத்தின் குறியாகக் கொள்ளவில்லை. உள்ளம் நெகிழ்வதன் குறியாகக் கொண்டார்.

அவர் ஓர் எச்சரிக்கையும் வைத்தார். கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லவர்க்கு அன்றி மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என்கிறார். குறியைப் பார்ப்பது யார்க்கும் எளிது. அதன் பொருளை அறிவதற்குத் தகுதி வேண்டும். ஐயத்தால் கலங்கிய கண்ணுக்கு அத்தகுதி இல்லை.

3.2 வள்ளுவர்: தும்மலும் வழக்கும்

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் அரசவைக்கு உரியது. 110ஆம் அதிகாரம் காதலுக்கு உரியது. பிறர் உள்ளத்தை முகத்தில் படிக்கும் திறன் ஆட்சிக்கும் அன்புக்கும் ஒப்பத் தேவை என்பது அவர் கருத்து.

அத்திறன் தடுமாறும் இடத்தை 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் அவர் காட்டுகிறார். தலைவன் தும்முகிறான். தலைவி வழக்கம்போல் வாழ்த்துகிறாள். உடனே, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்குகிறான். உம்மவர் உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். பணிந்து தேற்றினால், பிற பெண்களிடமும் இப்படித்தான் பணிவாய் என்கிறாள். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், என்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்கிறாள். புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோம். அந்த நம்பிக்கையின் நிழலில் நின்று பார்த்தால் இக்காட்சி இன்னும் தெளிவாகும்.

இங்கே வள்ளுவர் செய்திருப்பது ஒரு தருக்கச் சோதனை. தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம்; பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். எந்தச் செயலும் மறுப்பாக அமைய முடியாத இடத்தில் நடப்பது விசாரணை ஆகாது; தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வள்ளுவர் காட்டும் தலைமக்கள் அன்பில் உறுதியானவர்கள்; ஆகவே அது ஊடலாகி உவகையில் முடிகிறது. அன்பின் அடித்தளம் ஆடும் இடத்தில் அதே உரையாடல் கொடுமையாகும். புலவி உணவில் இடும் உப்பைப் போன்றது, சற்றே நீண்டாலும் உப்பு மிகுந்தாற்போலாகும் என்று முந்திய அதிகாரத்திலேயே அவர் அளவு சொல்லிவிட்டார்.

பொருட்பாலில் தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவர்மேல் ஐயப்படுவதும் இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது அதன் கருத்து. அமைச்சரையும் பணியாளரையும் பற்றிச் சொன்னதாயினும் காதலுக்கு இதைவிடச் செறிவான நெறி கிடைப்பது அரிது. கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு காலம் உண்டு, அது முடிந்தபின் நம்பிக்கைக்கு ஒரு காலம் உண்டு என்றே சொல்கிறார்.

3.3 கானல்வரி: இருவரும் தவறாகப் படித்த பாட்டு

ஊடல் பிரிவாக மாறும் இடத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கின்றனர். மாதவி யாழைத் தருகிறாள். கோவலன் காவிரியையும் கடற்கரைப் பெண்ணையும் பாடுகிறான். வேறொருத்தி இவன் மனத்தில் இருக்கிறாள் என்று மாதவி எண்ணுகிறாள்; எண்ணியதைச் சொல்லவில்லை. யாழை வாங்கித் தானும் வேறு குறிப்பு உடையவள்போலப் பாடுகிறாள். இவள் வேறொருவனை நினைத்துப் பாடினாள் என்று கோவலன் எண்ணுகிறான், அவனும் கேட்கவில்லை. எழுந்து போகிறான்.

இருவரிடமும் இருந்தது ஒரு பாட்டும் ஒரு முகக்குறிப்பும் மட்டுமே. 'யாரை நினைத்துப் பாடினாய்?' என்ற ஒரு கேள்வி இரு பக்கமும் எழவில்லை. அதன்பின் மாதவி தாழை மடலில் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல் மகள் அல்லவா, இதுவும் நடிப்பே என்பது அவன் வாதம். முதலில் பாட்டு மட்டுமே சான்றாக நின்றது. இப்போது அவள் தொழிலும், கண்ணீரும், கடிதமும் சான்றாகிவிட்டன. ஐயம் முற்றியபின் ஒருவர் அன்பாகச் செய்வதும் குற்றப் பட்டியலில் சேரும்.

மதுரைக்குச் செல்லும் வழியில் அந்தணன் கௌசிகன் கொண்டுவந்த இரண்டாம் கடிதத்தைப் படித்தபோதுதான் அவள்மேல் தீதில்லை, தீது தன்னுடையது என்று கோவலன் தெளிகிறான். அதன்பின் அவனுக்குத் திரும்பிச் செல்ல நாள் இருக்கவில்லை. மனைவி கண்ணகிக்கு அவன் இழைத்த தீங்கு தனியே பேசவேண்டிய பெரும்பொருள். ஆனால் மாதவியோடு ஏற்பட்ட முறிவின் காரணம், கேட்காமல் படித்த ஒரு குறிப்புதான்.

4. உளவியல் கூறுவது

4.1 பொய்யைக் கண்டுபிடிக்கும் கண் நமக்கு இல்லை

கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார் என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 75 நாடுகளில் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பொய்யரின் அடையாளமாக மக்கள் மிகுதியாகச் சொன்னது பார்வையைத் திருப்புதலையே. ஆனால் பெல்லா டிபாலோவும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் 158 வகைக் குறிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அவற்றுள் பலவற்றுக்குப் பொய்யோடு தொடர்பே காணப்படவில்லை. சிலவற்றுக்கு இருந்த தொடர்பும் மெலிந்தது. சார்லஸ் பாண்டும் டிபாலோவும் 2006இல் தொகுத்த முடிவு இன்னும் தெளிவானது: சிறப்புக் கருவி எதுவும் இல்லாமல் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் மனிதர் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாகச் சொல்கின்றனர். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்.

ஆகவே, 'உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது' என்று சொல்பவர் தமக்கு இல்லாத திறமையை நம்பித் தீர்ப்பு எழுதுகிறார். இதை ஒவ்வொரு காதலரும் மனத்தில் இருத்தவேண்டும்.

4.2 ஒதெல்லோ பிழை

உண்மை சொல்பவருக்கும் நம்பப்படமாட்டோமோ என்ற அச்சம் வரும். அந்த அச்சத்தின் குறிகளும் பொய்யரின் அச்சக் குறிகளும் ஒன்றுபோல் இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் தவற்றுக்குப் பால் எக்மன் 1985இல் வெளிவந்த தம் நூலில் ஒதெல்லோ பிழை என்று பெயரிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், தன்னைக் காப்பாற்றச் சாட்சி சொல்லக்கூடிய காசியோ இறந்துவிட்டான் என்று கேட்டு டெஸ்டிமோனா கலங்குகிறாள். கள்ளக் காதலனுக்காக அழுகிறாள் என்று ஒதெல்லோ அதைப் படிக்கிறான், கொல்கிறான். மிரட்டிக் கேட்பவர் அச்சத்தைத் தாமே உண்டாக்கிவிட்டு, அந்த அச்சத்தையே சான்றாகக் கொள்கிறார் என்பதே இதன் சாரம்.

4.3 அஞ்சியதை அழைத்து வருதல்

சிலருக்குப் புறக்கணிக்கப்படுவோமோ என்ற எதிர்பார்ப்பு இயல்பிலேயே மிகுதி. ஜெரால்டின் டௌனியும் ஸ்காட் ஃபெல்ட்மனும் 1996இல் இதை விரிவாக ஆராய்ந்தனர். இத்தகையோர் துணைவரின் சாதாரணச் செயலிலும் புறக்கணிப்பைக் காண்கின்றனர். கண்டதும் சினக்கின்றனர் அல்லது சுருங்குகின்றனர். அந்நடத்தையால் துணைவர் உண்மையிலேயே விலகுகிறார். 1998இல் டௌனி குழுவினர் காதலர்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு செய்த தொடராய்வில், இவ்வியல்பு மிகுந்தவர்களின் உறவுகள் முறிவது கூடுதலாக இருந்தது.

இவ்வியல்பு குணக்கேடு அன்று. குழந்தைப் பருவத்தில் பராமரித்தவரோடு அமைந்த பிணைப்பு பிற்கால உறவுகளுக்கு அச்சாகிறது என்ற ஜான் பௌல்பியின் கொள்கையை 1987இல் சிண்டி ஹாசனும் ஃபிலிப் ஷேவரும் காதலுக்கு விரித்தனர். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சத்தோடு வளர்ந்த பிள்ளை, பெரியவனானபின் காதலியின் ஒரு மணிநேர மௌனத்தைக்கூடத் தாங்கமாட்டாமல் தவிக்கலாம். அவனைக் கேலி செய்வது தீர்வாகாது. அவன் தவிப்புக்குக் காதலி முழுப் பொறுப்பேற்பதும் தீர்வாகாது.

5. வட்டாரச் சூழல்: ஷிப்டும் போனும் ஊர்க்கண்ணும்

5.1 பொருந்தாத கடிகாரங்கள்

ஆறு மணிக்குத் தொடங்கும் ஃபர்ஸ்ட் ஷிப்டு, இரண்டு மணிக்குத் தொடங்கும் செகண்ட் ஷிப்டு, பத்து மணிக்குத் தொடங்கும் நைட் ஷிப்டு என்ற முறை தொழிற்பகுதிகளில் பரவலானது. இருவேறு ஆலைகளில் வேலை செய்யும் காதலருக்கு ஒருவர் விழித்திருக்கும் நேரம் மற்றவரின் தூக்க நேரமாகிறது. சில ஆலைகளில் போனை லாக்கரில் வைத்துவிட்டே உள்ளே போகவேண்டும். பதிலின்மைக்கு இங்கே ஆயிரம் நேரிய காரணங்கள் உண்டு. ஆனால் திரையில் தெரிவது பதிலின்மை ஒன்றே.

5.2 அண்மைக் காட்சி

அவன் கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கி நைட் ஷிப்டு பார்க்கிறான். அவள் திருப்பாச்சூரில் அம்மாவோடு இருந்துகொண்டு காக்களூருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு போகிறாள். மாலை ஐந்து மணிக்கு அவன் எழுந்து போன் போடுகிறான். வேறொரு அழைப்பில் இருப்பதாகக் குரல் சொல்கிறது. மூன்றாம் முறை அவள் எடுக்கிறாள்.

"யார்கிட்ட பேசிட்டு இருந்த?"

"சித்திகிட்ட."

"அரை மணி நேரமாவா?"

பயந்தால் அவளுக்குச் சின்னதாக ஒரு சிரிப்பு வரும். வந்துவிடுகிறது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சிரிக்கலையே."

"கால் லிஸ்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு."

அனுப்புகிறாள். சித்தியின் பெயர் இருக்கிறது. கீழே பெயர் இல்லாத ஒரு எண்.

"இது யாரு?"

"லைன் லீடர் அண்ணா. நாளைக்கு ஓ.டி. பாக்க வருவியான்னு கேட்டாரு."

"அண்ணனா? அப்ப ஏன் பேர் போட்டு சேவ் பண்ணல?"

இங்கே நிகழ்வதை வகைப்படுத்துவோம். முதலில், அச்சச் சிரிப்பு ஏளனமாகப் படிக்கப்பட்டது. அடுத்து, கேட்ட சான்று கிடைத்தபின்னும் ஐயம் அடங்கவில்லை. அச்சான்றுக்குள்ளேயே புதிய ஐயம் முளைத்தது. மூன்றாவதாக, எண்ணைப் பெயரோடு பதிந்திருந்தால் 'எதற்குப் பதிந்தாய்' என்ற கேள்வி வந்திருக்கும். வள்ளுவரின் தும்மல் இதுவே. அவன் உண்மையில் கேட்க விரும்பியது, 'நான் தூங்கும்போது என்னை மறந்துவிடுவாயா' என்பது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கால் லிஸ்ட்டைக் கேட்டான். கேட்காத கேள்விக்குக் கால் லிஸ்ட்டில் பதில் இருக்காது.

5.3 கருவி தரும் அரைகுறைச் சான்று

வாட்ஸ்அப் 2014 நவம்பரில் ப்ளூ டிக்கைக் கொண்டுவந்தது. படித்தது தெரியும், ஏன் பதில் இல்லை என்பது தெரியாது. லாஸ்ட் சீன் நேரம் தெரியும். யாரோடு என்பது தெரியாது. ஐயத்துக்கு வேண்டியது இத்தகைய அரைச் செய்திதான். மீதியை அது தானே எழுதிக்கொள்ளும். ஃபேஸ்புக்கில் கூடுதல் நேரம் செலவிடும் இளைஞர்களிடம் பொறாமை கூடுதலாக இருப்பதைக் கனடாவின் ஏமி மியூஸும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டினர். பார்க்கப் பார்க்கப் பொறாமை வளர்வதும், பொறாமை வளர வளர மேலும் பார்ப்பதும் ஒரு வட்டமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

5.4 ஊர்க்கண்

நம் சூழலில் காதலரின் பதற்றத்துக்குத் துணைவரோடு தொடர்பில்லாத பெருங்காரணம் ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டில் மாமா பார்த்துவிடுவாரோ, ரயிலில் தெருக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் அது. சாதி கடந்த காதலாயின் அது உயிரச்சமே ஆகும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையைத் தமிழகம் மறக்கவில்லை. காதலி சுற்றும்முற்றும் பார்ப்பதும், கையை விடுவித்துக்கொள்வதும், பேச்சைப் பாதியில் நிறுத்துவதும் உலகத்தின்மேல் உள்ள அச்சத்தால். 'என்னோடு நிற்க வெட்கப்படுகிறாள்' என்று காதலன் படித்துவிட்டால், வெளிப்பகை செய்யாத வேலையை உள் ஐயம் செய்துமுடிக்கும்.

6. எல்லைகள்: ஊடல் அல்லாதவை

6.1 காரணமுள்ள ஐயம்

எல்லா ஐயமும் பிழை அன்று. பொய் சொல்லி அகப்பட்டவரையும், வாக்குத் தவறியவரையும் ஐயுறுவது அறிவு. வேறுபாடு சான்றின் தன்மையில் உள்ளது. நடந்த செயல் சான்று. நகம் கடித்தது சான்றாகாது.

6.2 கண்காணிப்பு

பாஸ்வேர்டு கேட்டல், லைவ் லொகேஷன் போடச் சொல்லுதல், யாரோடும் பேசக்கூடாது என்றல் ஆகியவற்றை அன்பின் மிகுதி என்று நம் திரைப்படங்கள் சில பழக்கிவிட்டன. அவை கட்டுப்படுத்தல். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவர் அறியாமல் கணவர் எடுத்த ஒரு வழக்கில், தனியுரிமை என்பது கணவன் மனைவிக்கிடையிலும் உண்டு என்று கூறி அந்தச் சான்றை ஏற்க மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு மணவழக்கில், மறைவாகப் பதிந்த உரையாடலைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவுபார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அதுவே உறவு உடைந்ததன் அறிகுறி என்றும் அத்தீர்ப்பில் சொன்னது. சான்றுச் சட்டத்தில் இரு தீர்ப்புகளும் வேறு திசையில் சென்றாலும், வேவுபார்த்தல் நம்பிக்கையை வளர்க்கும் என்று இரண்டுமே சொல்லவில்லை.

6.3 நோய்

எந்த அடிப்படையும் இன்றித் துணைவர் துரோகம் செய்வதாக அசையாமல் நம்புவது ஒரு மனநோய் நிலை. ஜான் டாட், கென்னத் டியூஹர்ஸ்ட் ஆகிய மருத்துவர்கள் 1955இல் இதை ஒதெல்லோ நோய்க்குறி என்றனர். நெடுங்காலக் குடிப்பழக்கத்தோடு இது சேர்ந்து வருவதுண்டு. இதை வாதாடித் தீர்க்க முடியாது; மருத்துவம் வேண்டும். அடியோ மிரட்டலோ சேர்ந்தால் முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண் அதற்காக உள்ளது.

7. தீர்நெறிகள்

7.1 தன் குறியைத் தானே அறிவித்தல்

'பயந்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். அது உன்னைக் கேலி பண்றது இல்ல' என்று அமைதியான நேரத்தில் ஒருமுறை சொல்லிவைத்தால், ஐந்தாம் பகுதியில் கண்ட பூசலின் முதற்கண்ணி அறுந்திருக்கும். தம் பழக்கங்களைத் துணைவரிடம் முன்கூட்டிச் சொல்வது வெட்கத்துக்குரியதன்று.

7.2 குறிப்பைக் கேள்வியாக்குதல்

'ஏன் மறைக்கிற?' என்பது தீர்ப்பு. 'கை நடுங்குது, என்ன ஆச்சு?' என்பது கேள்வி. முதலாவது தற்காப்பை அழைக்கும். இரண்டாவது பேச்சை அழைக்கும். கேட்ட கேள்விக்கு வந்த பதிலை ஏற்றபின் அன்றே அதை மீண்டும் கேட்காதிருப்பது அடுத்த படி.

7.3 நேரம் குறித்தல்

நைட் ஷிப்டு முடித்து வந்தவரோடு விடிகாலையில் வழக்குத் தீர்க்கக்கூடாது. தூக்கமில்லாத மூளை எளிதில் அச்சத்தையும் சினத்தையும் கைக்கொள்ளும். வாரந்தோறும் ஷிப்டு மாறும்போது, பேசும் நேரத்தையும் பேச முடியாத நேரத்தையும் முன்பே ஒத்துக்கொண்டால் பதிலின்மை புறக்கணிப்பாகத் தோன்றாது.

7.4 வாயில்

ஊடல் தீர்க்கத் தோழி, தாய், பாணன் முதலாகப் பன்னிரு வாயில்களை, அதாவது இடைநின்று உதவுவோரை, தொல்காப்பியம் சொல்கிறது. இருவர் சண்டையை இருவரே தீர்க்கவேண்டும் என்ற இறுக்கம் அம்மரபில் இல்லை. வீட்டுக்குத் தெரியாத காதலில் இவ்வாயில்கள் எல்லாம் அடைபடுகின்றன. இருவருக்கும் நம்பிக்கையான ஒரு நண்பரோ அக்காவோ இருப்பது பெருந்துணை. அவர் நீதிபதியாக வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும்.

7.5 பழக்கத்தை மாற்றுதல்

நேதன் அஸ்ரினும் கிரகரி நன்னும் 1973இல் வகுத்த பழக்கமாற்றுப் பயிற்சி இன்றும் கையாளப்படுகிறது. பழக்கம் எப்போது தொடங்குகிறது என்று கவனித்தல், அந்நேரம் கையை மூடி இறுக்குதல் போன்ற மாற்றுச்செயல் ஒன்றைச் செய்தல், உடனிருப்பவர் ஊக்கம் தருதல் என்பன அதன் கூறுகள். 'நகத்தைக் கடிக்காதே, தரித்திரம்' என்று அதட்டுவது இதற்கு நேர்மாறு. பதற்றத்தைக் கூட்டிப் பழக்கத்தை ஆழமாக்கும்.

7.6 மருத்துவ உதவி

2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். நேரில் மருத்துவரை நாட விரும்புவோர்க்கு, திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 'பைத்தியத்துக்குப் பார்க்கும் டாக்டர்' என்ற பழைய கூச்சத்தால் ஓர் உறவையும் ஓர் உயிரையும் இழக்கக்கூடாது.

8. முடிவுரை

ஆய்வின் முடிவுகள் வருமாறு. பதற்றப் பழக்கம் பல காரணங்களின் பொதுக்குறி. அதிலிருந்து குற்றத்தை ஊகிக்க இலக்கணமும் அறிவியலும் இடம் தரவில்லை. குறியைச் சான்றாகக் கொள்ளும் ஐயம், தான் தேடும் அச்சத்தைத் தானே உண்டாக்குகிறது. ஷிப்டு வாழ்க்கையும், கைப்பேசியின் அரைச் செய்தியும், ஊர்க்கண்ணின் அச்சமும் இவ்வட்டாரத்தில் அச்சுழற்சியை விரைவுபடுத்துகின்றன. அதை அறுக்கும் இடம் ஒன்றே: குறிப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஒரு நேர்மையான கேள்வி.

இதனை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துணைவரின் நடுங்கும் கையைப் பார்த்தால் காரணத்தை அவரிடமே கேளுங்கள். சொன்ன பதிலை நம்புங்கள். நம்ப முடியாத அளவுக்கு உண்மையான காரணம் இருந்தால், வேவு பார்க்காமல் நேராகச் சொல்லிப் பிரியுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், நம்பவும் மாட்டேன் விடவும் மாட்டேன் என்று ஒருவரை நிறுத்திவைப்பது காதல் ஆகாது.